கப்பலில் பகல் தூக்கம்

மே 4, ஞாயிறு

மதியம் மங்களாம்பாள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தேன். கொள்ளிடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் மணல் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கிடக்கிறது. வாசல் வளைவில் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: ‘கட்டடம் பழுதடைந்துள்ளது. ஜூன் மாதம் இடிக்கப்படும்.’ இடிக்கப்படும் என்ற சொல்லின் மேல் யாரோ பபிள்கம்மை அப்பியிருக்கிறார்கள். எங்கள் பழைய மாணவிகள் சங்கத்து ஆளாக இருக்காது. எங்களுக்கு அதை மெல்லப் பல் இல்லை.

சங்க வேலையாக வந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் தங்கியிருந்த இந்த விடுதியை இடிக்கக் கூடாது என்று பழைய மாணவிகள் எல்லோரும் மாதக்கணக்காக வாட்ஸப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறோம். யாராவது ஒருத்தி நேரில் போய்த் தங்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், பதிவாளரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று செயலாளர் ஃபெலிசிட்டா எழுதியதும் குழுவே கப்சிப். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்திக்கு அமெரிக்காவில் பேரன். நான்தான் சரி என்றேன். சொன்ன பிறகுதான் வீட்டில் கேட்கவே இல்லையே என்று உறைத்தது.

நாலு நாள் வேலை. நாலு சேலை எடுத்து வந்திருக்கிறேன்.

ஈரோட்டில் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ளச் செல்வமணி இருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பக்கவாதம் வந்து அவர் வாக்கர் பிடித்து நடக்கிற இந்த நாலு வருடத்தில் நான் வீட்டுக்காரரை விட்டுவிட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. இரவில் அடிக்கடி எழுந்து பார்க்கும்படி செல்வமணியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மே 5, திங்கள்

தூண்களைப் படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் என் விரல்.

மே 6, செவ்வாய்

இன்று கப்பலைப் பார்த்தேன்.

வெளியாளுக்கு இந்தப் பெயர் விளங்காது. கீழ்த்தளத்தில் வடக்குப் பக்கம் இருக்கும் நீளமான நடைகூடம் அது. ஆற்றைப் பார்த்த சுவர் முழுக்க வட்ட வட்டமாகக் காற்றுத் துளைகள், கீழே கறுப்புக் கடப்பைக் கல். மே மாதம் வந்தால் எங்கள் மாடி அறைகள் அடுப்பாகிவிடும். அதனால் வார்டன் ஞானமணி அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து மணி அடித்தால் எல்லாப் பெண்களும் கப்பலில் வந்து படுக்க வேண்டும். புத்தகம் கூடாது, பேச்சு கூடாது. தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

பொம்பளைப் பிள்ளை பகலில் தூங்கினால் வீட்டுக்கு ஆகாது, லட்சுமி வெளியே போய்விடுவாள் என்று தட்டித் தட்டி எழுப்பப்பட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தூங்காவிட்டால் திட்டு விழுந்த ஒரே இடம் எங்களுக்கு இதுதான். லட்சுமி போனாளோ இல்லையோ, நாங்கள் எல்லோரும் பாஸானோம்.

இப்போது அங்கே உடைந்த கட்டில்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஓரத்தில் ஓர் ஆள் படுக்க இடம் இருந்தது. கல் முன்போலக் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது ஆற்று மணல் சிவந்திருந்தது. கன்னத்தில் கல்லின் கோடு பதிந்திருந்தது. இப்படித் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். அப்புறம் நினைக்காமல் விட்டுவிட்டேன்.

நேற்று இரவும் இன்று காலையும் வீட்டுக்குப் போன் செய்தேன். “ஐயா தூங்கறாருங்கம்மா” என்றார் செல்வமணி, இரண்டு தடவையும். வீட்டுக்காரர் அப்படித் தூங்குகிற ஆள் இல்லை. நான் விட்டுவிட்டு வந்த கோபம், பேசப் பிடிக்கவில்லை. வேறென்ன?

மே 8, வியாழன்

நாலு நாள் முடிந்தது. பதிவாளர் ஊரில் இல்லை, அடுத்த வாரம்தான் வருவாராம். ஆகவே இருக்க வேண்டியதாகிவிட்டது. சேலைகளைத் துவைத்துக் காயப்போட்டேன்.

விடுமுறைதான் என்றாலும் தேர்வு பாக்கியுள்ள சில பெண்கள் இங்கே தங்கியிருக்கிறார்கள். அவர்களில் இந்துஜா என்று ஒருத்தி, முதுகலை வேதியியல் படிக்கிறாள், கல்வராயன் மலைப்பக்கம் வீடு. வாளியோடு கொல்லைப்புறம் போய்க்கொண்டிருந்தவளை நிறுத்தி, இடிப்பை எதிர்த்து நாங்கள் எழுதிய மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

“எதுக்கு ஆன்ட்டி? இடிக்கட்டும்னு நாங்க வேண்டிக்கிட்டு இருக்கோம்.”

“ஏம்மா அப்படிச் சொல்ற? எவ்வளவு அழகான கட்டடம்!”

“அழகுதான். பாத்ரூம் எங்க இருக்குன்னு பாத்தீங்களா? கொல்லையில. லைட் கிடையாது. நைட்ல போகணும்னா மூணு பேர எழுப்பிக் கூட்டிட்டுப் போகணும். நீங்க வந்து போட்டோ எடுத்துட்டு ஊருக்குப் போயிடுவீங்க. புது பில்டிங்ல ரூமுக்குள்ளயே பாத்ரூம் வருதாம்.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் காலத்திலும் கொல்லையில்தான் இருந்தது. எங்கள் காலத்திலும் மூன்று பேரை எழுப்பினோம். அந்த மனுவில் வளைவு இருக்கிறது, தூண் இருக்கிறது, குளியலறை என்று ஒரு சொல் இல்லை.

மே 9, வெள்ளி

போன் செய்தேன். தூங்குகிறாராம்.

மே 13, செவ்வாய்

பதிவாளரைப் பார்த்தேன். மரியாதையானவர். மே இருபதாம் தேதி ஒரு வல்லுநர் குழு வந்து கட்டடத்தைப் பார்வையிடும், அவர்கள் சொல்வதைப் பொறுத்து முடிவெடுப்போம் என்றார். ஃபெலிசிட்டாவிடம் சொன்னதும் குதித்தாள். தூத்துக்குடிக்காரி, வங்கி மேலாளராக இருந்தவள். இன்னும் எங்களையெல்லாம் கடன் கேட்டு வந்தவர்களாகவே நடத்துகிறாள்.

“ஏட்டி விசாலம், அன்னைக்கு நம்ம பிள்ளைய அத்தன பேரும் அங்க நிக்கணும் கேட்டியா. பட்டுச்சேலை, பூச்செண்டு, ஆரத்தி எல்லாம் ரெடி பண்ணு. நீ அதுவரைக்கும் அங்கனயே இரி.”

இரு என்கிறாள். நான் என்ன செய்ய?

சாயங்காலம் கப்பலில் இருந்த கட்டில்களை நானும் இந்துஜாவும் அவள் தோழிகளும் சேர்ந்து வெளியே எடுத்துப்போட்டோம். ஞானமணி அம்மாவின் சட்டத்தைச் சொன்னேன். “தூங்கலைன்னா திட்டுவாங்களா!” என்று சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கலே வந்துவிட்டது.

மே 16, வெள்ளி

அக்கினி நட்சத்திரம் வாட்டி எடுக்கிறது. மதியம் அந்தப் பெண்கள் தலையணையோடு இறங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் கப்பலில் வரிசையாகப் படுத்தார்கள். வட்டத் துளைகள் வழியாக ஆற்றுக் காற்று வந்தது. போனைக் கையில் வைத்தபடியே ஒருத்தி தூங்கிப்போனாள். போன் நெஞ்சின் மேல் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நானும் படுத்தேன். கனவு வந்தது. கல்லுக்கு அடியில் ஆறு ஓடுகிறது. படுத்தபடியே எல்லோரும் மெல்ல நகர்கிறோம். ஞானமணி அம்மா முன்னால் நின்று மணியை ஆட்டுகிறார், சத்தம் வரவில்லை. எனக்கு ஒரு பக்கம் என் அறைத்தோழி மைமூன், அன்றைக்கு இருந்த அதே வயதில். மறுபக்கம் இந்துஜா. எனக்கு என்ன வயது என்று குனிந்து பார்த்தேன், காலில் கொலுசு இருந்தது. கரையோரமாக யாரோ வாக்கரை ஊன்றி ஊன்றி எங்களோடு நடந்து வருகிற சத்தம் கேட்டது. கப்பலை நிறுத்தச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்லாமல் மூடிக்கொண்டேன்.

கனவுக்குப் பலன் பார்க்கிறவள் இல்லை நான். முப்பது வருடம் புவியியல் நடத்தியவள்.

மே 20, செவ்வாய்

மானம் போயிற்று. எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

காலையிலிருந்தே சிநேகிதிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கட்டிப்பிடிப்பு, அழுகை, ஒருத்தியின் நரையை இன்னொருத்தி கேலி செய்வது. பல் கட்டியவர்கள் கட்டாதவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வல்லுநர் குழு மூன்று மணிக்கு வரும் என்றார்கள். மதியம் விடுதிச் சாப்பாடு: முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், சேமியா பாயசம். பாயசம் இரண்டாம் தடவை வந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

“சேலை கசங்காம அஞ்சு நிமிசம் முதுகை நீட்டிக்கிடுதேன்” என்று முதலில் கப்பலுக்குப் போனவள் ஃபெலிசிட்டாதான். அவள் பக்கத்தில் மைமூன் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள். யாருடைய இடம் எது என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று படுத்த அதே வரிசையில் அவரவர் போய்ப் படுத்தார்கள். பேச்சு ஒவ்வொன்றாக அவிந்தது. மேலே புறா முனகுகிற சத்தம் மட்டும் இருந்தது. எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

குழு சீக்கிரமே வந்துவிட்டது. வாசலில் வரவேற்க ஆள் இல்லை. தேடிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார்கள். நான் கண் விழித்தபோது தலைமாட்டில் பதிவாளரின் காலணி. நிமிர்ந்து பார்த்தால் அவர், இரண்டு பொறியாளர்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண். ஆற்றங்கரையில் ஒதுங்கிய மீன்களாகப் பட்டுச்சேலைகளில் கிடந்தோம். ஆரத்தித் தட்டு ஃபெலிசிட்டாவின் வயிற்றருகே. அவளுடைய குறட்டை தூத்துக்குடி துறைமுகம்வரை கேட்டிருக்கும்.

நான் அலறிப் புடைத்து எழப்போனேன். செருப்பைப் பிடித்திருந்த பெண் வாயில் விரல் வைத்து அமர்த்தினார். அவர்தான் வல்லுநர் காஞ்சனா.

“எழுப்பாதீங்க” என்றார் தணிந்த குரலில். “ஃபேன் எங்கே இருக்கு?”

“ஃபேன் எப்பவுமே இருந்ததில்லைங்க.”

அவர் உள்ளங்கையைக் கல்லில் வைத்தார். துளைகளின் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்து அது எப்படி ஆடுகிறதென்று பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். “நீங்க போய் மாடியைப் பாருங்க சார், நான் இங்கே பார்த்துக்கறேன்” என்று பதிவாளரை அனுப்பிவிட்டார். அவர்கள் திரும்பி வந்தபோது காஞ்சனாவும் கண்ணை மூடியிருந்தார். பார்வையிடுவது இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது.

மே 24, சனி

முடிவு வந்துவிட்டது. கட்டடம் உறுதியாகத்தான் இருக்கிறது, கூரையைப் பழுதுபார்த்தால் போதும் என்று காஞ்சனா எழுதிவிட்டாராம். அதனால் இடிக்க மாட்டார்கள். காட்சிக்கூடமாக மாற்றுவார்கள். கப்பலைக் கண்ணாடி போட்டு அடைத்து, ஏசி வைத்து, பழைய படங்களை மாட்டுவார்கள். யாரும் தங்க முடியாது.

வாட்ஸப் குழுவில் பூவும் பட்டாசுமாக வந்து விழுகிறது. ஃபெலிசிட்டாவை அழைத்தேன்.

“யாருமே தூங்காத விடுதி என்ன விடுதி ஃபெலி?”

“எட்டி, கையில கெடச்சதை வாங்கிட்டு வருவியா, இல்ல தர்க்கம் பண்ணிட்டு நிப்பியா? கட்டடம் நிக்கும்லா? அதுதான நமக்கு வேணும்?”

“எனக்கு அது மட்டும் போதாது.”

“உனக்கு என்னதாம்ட்டி வேணும்?”

பிள்ளைகள் இங்கேயே தங்க வேண்டும், சமையற்கட்டின் பின்னால் உள்ள காலியிடத்தில் விளக்கோடு நல்ல குளியலறைகள் கட்ட வேண்டும், இதைக் கேட்டு மனுவை மாற்றி எழுத வேண்டும் என்றேன். அவள் கேட்டது அதுவல்ல என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது.

மே 25, ஞாயிறு

கப்பலை அடைக்கப் போகிறார்கள் என்று காலையில் குழுவில் எழுதினேன். பிறகு மைமூன் எழுதினாள்: ‘கல்யாணத்துக்கு அப்புறம் நான் பகலில் கண் மூடியது அன்றைக்குத்தான். என் மருமகள் இப்போதும் கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுத்தனமாகத்தான் தூங்குகிறாள்.’ அதன் பிறகு ஒவ்வொருத்தியாகக் கொட்டினார்கள். மாமியார் தூங்கும்வரை காத்திருந்து அரிசி மூட்டையில் தலை வைத்தவள், பேருந்தில் மட்டும் தூங்கியவள், பிரசவத்துக்குப் போனபோது தூங்கியவள்.

கடைசியில் ஃபெலிசிட்டா. ‘நான் பேங்க்ல ரெக்கார்ட் ரூமைப் பூட்டிக்கிட்டுத் தூங்குவேன். யாருக்கும் தெரியாது. மனுவை மாத்துங்க.’

இந்துஜாவும் அவள் தோழிகளும் கையெழுத்துப் போட்டார்கள். குளியலறை எங்கே வர வேண்டும் என்று அவளே படம் வரைந்து கொடுத்தாள்.

என் தூக்கத்தைப் பற்றி நான் என்ன எழுதினேன் என்று யாரும் கேட்கவில்லை. நான் எதுவும் எழுதவில்லை.

மே 29, வியாழன்

மாற்றிய மனுவைப் படித்துவிட்டுப் பதிவாளர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். ஃபெலிசிட்டா ஊரிலிருந்து வந்திருந்தாள்.

“நீங்க கேட்டது எல்லாம் சரிதாம்மா. பாத்ரூமுக்கும் வழி பண்ணிடலாம். ஒரே ஒரு சிக்கல். இந்த விடுதிக்கு வார்டன் கிடையாது. இருந்தவங்க போயிட்டாங்க, பழைய கட்டடம்னு வேற யாரும் வர மாட்டேங்கறாங்க. உங்க சங்கத்துல இருந்து ஒருத்தர் ஒரு வருஷம் தங்கிப் பாத்துக்கிட்டா பிள்ளைங்க இங்கேயே இருக்கலாம். வாசல்ல வார்டன் வீடு காலியாத்தான் கிடக்கு, குடும்பத்தோடகூட இருக்கலாம். திங்கட்கிழமை பேர் கொடுங்க. இல்லைன்னா காட்சிக்கூடம்தான். என் கையில ஒண்ணும் இல்ல.”

வெளியே வந்து குழுவில் போட்டோம். மறுபடி முழங்கால், மறுபடி அமெரிக்கா. ஃபெலிசிட்டா என்னைப் பார்த்தாள். என்னை மட்டும்தான் பார்த்தாள்.

“என்னால முடியாது ஃபெலி. வீட்டுல அவரு இருக்காரு. ராத்திரி நான் எந்திரிச்சுப் பாக்காட்டி யாரு பாக்கறது?”

“சரிட்டி” என்றாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மே 30, வெள்ளி

பெட்டியைக் கட்டிவிட்டேன். நாளை மதியம் ரயில்.

நாலு நாள் என்று வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பதிவாளர் ஊரில் இல்லை, குழு வருகிறது, மனுவை மாற்ற வேண்டும் என்று நானும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். எல்லாம் நிஜம்தான். ஆனால் ரயிலேற எனக்குக் கால் வரவில்லை என்பதும் நிஜம். வீட்டுக்காரர்மேல் ஆசை இல்லாமல் இல்லை. அந்த வீட்டில் இரவானால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் மூச்சு நின்றுவிடுமோ என்று நாலு வருடமாக விழித்துக்கொண்டே படுத்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்துஜாவிடம் ஊருக்குப் போகிறேன் என்றேன். “சரிங்க ஆன்ட்டி” என்று வாளியை எடுத்துக்கொண்டு போனாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

மே 31, சனி

காலையில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செல்வமணி.

“ஐயா உங்ககிட்டப் பேசோணுங்கறாருங்கம்மா.”

அவராகப் பேசக் கேட்பது இதுதான் முதல் தடவை. அவர் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும், காத்திருக்க வேண்டும்.

“எப்ப வர்ற?”

“இன்னிக்குத்தானுங்க. மத்தியான ரயிலு.”

“காரியம் முடிஞ்சுதா?”

“இல்லீங்க.” வார்டன் விஷயத்தைச் சொன்னேன். முடியாது என்று சொல்லிவிட்டதையும் சொன்னேன். “உங்களை ராத்திரி யாரு பாக்கறதுங்க?”

அந்தப் பக்கம் வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. என் வழக்கப்படி அதை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

“நீ ராத்திரியில... என்ற மூக்குல... வெரல் வெச்சுப் பாப்பியே.”

“உங்களுக்குத் தெரியுமாங்க?”

“ஒவ்வொரு வாட்டியும் முழிச்சுக்குவேன். அப்பறம் தூக்கம் வராது. தூங்கற மாதிரியே... கெடப்பேன். நீ பயந்துக்குவியேன்னு.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“நாலு வருசம்” என்றார். “நீ போனதுல இருந்துதான்... தூங்கறேன். நல்லாத் தூங்கறேன்.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவருக்காக நான் என் தூக்கத்தைத் தொலைத்தேன். அதே இருட்டில், ஒரு கை தூரத்தில், இவர் எனக்காகத் தன் தூக்கத்தைத் தொலைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நான் சாலையோரம் நின்று அழுதேன். பூக்காரப் பெண் முழத்தை அளந்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பூவைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

“அந்த வார்டன் ஊடு” என்றார் அவர். “எத்தன ரூம்பு?”

“ரெண்டுங்க.”

“நடுவுல கதவு இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“அப்பச் செரி. என்னையும் கூட்டியாரச் சொல்லு செல்வமணிய. நீ ஒரு ரூம்பு, நான் ஒரு ரூம்பு.” கொஞ்சம் இளைப்பாறிக்கொண்டார். “தாழ்ப்பா... என்ற பக்கம் இருக்கோணும். பாத்துச் சொல்லு.”

ஃபெலிசிட்டாவை அழைத்து, திங்கட்கிழமை என் பெயரைக் கொடுக்கச் சொன்னேன். அவள் கத்திய கத்தலில் போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு காவலாளியிடம் சாவி வாங்கி வார்டன் வீட்டைத் திறந்தேன். ஒட்டடை, தூசி, புறா எச்சம். நடுக்கதவு இறுகிக் கிடந்தது, தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தேன். அந்த அறைக்குள் போய்ப் பார்த்தேன். திரும்பி இந்த அறைக்கு வந்தும் பார்த்தேன்.

இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் இருக்கிறது.